காற்று வாத்தியங்கள், ஹார்ன், பியானோ: பாளையங்கோட்டைக் கச்சேரிக்கு முன் ஐந்து நிமிடம் என்ன பேசலாம்?

கேள்வி: டோனாவூர் பக்கத்துக் கிளாரினெட்

எல்லோருக்கும் வணக்கம். ஆடி மாதம் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் மேற்கத்திய சேம்பர் இசைக் கச்சேரி, அதாவது சில பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சிறு குழுக் கச்சேரி, வைத்திருக்கிறோம். வெளியூரிலிருந்து ஆறு கலைஞர்கள் வருகிறார்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், பிரெஞ்சு ஹார்ன், பியானோ. முதலில் பீத்தோவனின் ஓபஸ் 16, அடுத்து மொசார்ட்டின் கே. 452 (இரண்டும் படைப்புப் பட்டியல் எண்கள்), இடைவேளைக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் பூலாங்கின் செக்ஸ்டெட், அதாவது ஆறு பேர் வாசிக்கும் படைப்பு. முதல் இரண்டிலும் புல்லாங்குழல் இல்லை. பியானோவையும் சேர்த்து ஐந்து பேர்தான்.

நான் எங்கள் ஊர் சபை பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். அசனப் பண்டிகை, கல்யாண ஊர்வலம், அடக்க ஆராதனை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். அப்பா வைத்திருந்த எபோனைட் கிளாரினெட்தான் இன்னும் என் கையில் இருக்கிறது. ஏற்பாட்டுக் குழுவில் காற்று வாத்தியம் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால், கச்சேரி தொடங்குமுன் ஐந்து நிமிடம் தமிழில் அறிமுகம் செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். நன்றாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வருகிற கூட்டம் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். பாதிப் பேர் பாமாலை பாடி வளர்ந்த பாடகர் குழுக்காரர்கள். டிரினிட்டி கிரேடு பரீட்சைக்குக் கீபோர்டு படிக்கும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்களும் இருப்பார்கள். திருநெல்வேலி டவுனிலிருந்து கர்நாடக சங்கீதம் கேட்கிற பெரியவர்கள் கொஞ்சம் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவர்களில் அநேகம் பேர் ஓபோவையும் பஸூனையும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் பார்த்ததில்லை.

மொசார்ட்டை நாங்குநேரி பஸ்ஸில் போகவர ஃபோனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிளாரினெட் வரும் இடங்கள் தெளிவாகப் பிடிபடுகின்றன. மற்றவர்களும் சேர்ந்துகொண்டால் யார் எதை வாசிக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. டிரம் இல்லை, முன்னால் நின்று கையசைக்கிறவர் இல்லை. தாளத்தை யார் பிடிக்கிறார்கள்? ஹார்ன் பித்தளை வாத்தியம். எங்கள் பேண்டில் என்றால் டிரம்பெட், யூபோனியம் பக்கம் நிற்க வேண்டியது. அதை ஏன் மர வாத்தியங்களோடு உட்கார வைத்தார்கள்? கூட்டத்துக்கு எதை முதலில் சொல்வது?

இன்னொன்று. அரங்கில் ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் ஆடிக் காற்று, மூடினால் புழுக்கம். பியானோ வாடகைக்கு வருகிறது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பாளையங்கோட்டை பியானோ டீச்சர்

தம்பி, இந்தக் கச்சேரி நம்ம ஊரில் நடக்கப்போகிறது என்று கேட்டதே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. சென்னையில் படித்த காலத்தில் கே. 452-இல் பியானோ வாசித்திருக்கிறேன். அன்றிலிருந்து அது என்னை விடவே இல்லை. அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

பிறந்த வருஷம், இறந்த வருஷம், எழுதிய சிம்பொனிகளின் எண்ணிக்கை என்று தயவுசெய்து தொடங்காதே. ஐந்து நிமிடமும் அதிலேயே போய்விடும். கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கு. ஊசிக் கோபுரத்துச் சபையிலோ உங்கள் ஊர்ச் சபையிலோ ஆல்ட்டோ பாடுகிற ஒரு அக்காவுக்கு, பக்கத்தில் சோப்ரானோ வேறு வரி பாடினாலும் தன் வரியை விடாமல் பிடிக்கத் தெரியும். நான்கு வரிகள் ஒரே நேரத்தில் ஓடுவதைக் கேட்டுப் பழகிய ஜனங்கள் நாம். தென்பாண்டிச் சீமையில் இது சாதாரண சொத்து இல்லை. ஆனால் பாமாலையில் நான்கு குரலும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு ஒன்றாகவே நகரும். மொசார்ட்டில் அப்படி இல்லை. ஓபோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கும், கிளாரினெட் அதை வாங்கிக்கொள்ளும், பஸூன் அடியிலிருந்து பதில் சொல்லும், பிறகு பியானோ அதே பேச்சை இன்னும் கொஞ்சம் அலங்கரித்துச் சொல்லும். இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே போதும், பாடகர் குழுக்காரர்கள் மீதியைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். உனக்கும் அதையேதான் சொல்வேன். ஒரு தடவை கேட்கும்போது பஸூனை மட்டும் பின்தொடர்ந்து போ. அடுத்த தடவை ஹார்ன்.

ஏன் இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கொடுத்து வாங்குகிறார்? வயலின், வியோலா, செல்லோ எல்லாம் ஒரே குடும்பம். சேர்ந்தால் ஒரே நிறமாகக் கலந்துவிடும். ஓபோவும் கிளாரினெட்டும் ஹார்னும் பஸூனும் அவ்வளவு எளிதாகக் கலக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல். அந்தக் குரல் வேறுபாட்டையே மொசார்ட் பயன்படுத்திக்கொள்கிறார். ஒரே பேச்சு நாலு வாயில் மாறி மாறி வரும்போது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறது.

பியானோவின் நிலைமை வேறு. கட்டையை அடித்த நொடியிலிருந்து சத்தம் தேய ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு அதைப் பெருக்க எந்த வழியும் இல்லை. ஊதுகிறவர் ஒரே சுரத்தில் நின்றுகொண்டு சத்தத்தை வளர்க்கலாம், குறைக்கலாம். ஆனால் அவர் மூச்சு வாங்க வேண்டும். பியானோவுக்கு அது வேண்டாம். ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கிறது, மொத்தப் படைப்பும் அந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது. லார்கெட்டோ என்கிற மெதுவான இரண்டாவது பகுதியில் ஊதுகிறவர்கள் சுரங்களை நீட்டிப் பிடித்திருக்க, பியானோ கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) உடைத்து உடைத்து அடியில் ஓடவிடும் இடம் வரும். அங்கே கேட்டுப் பார். வாசித்தபோது அந்த இடத்தில் என் விரலைவிடப் பக்கத்தில் இருந்தவரின் மூச்சைத்தான் அதிகம் கவனித்தேன்.

உன் தாளக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தாளத்தை யாரும் தனியாகப் பிடிப்பதில்லை. தொடங்கப்போகிறவர் மூச்சை உள்ளே இழுப்பார். எவ்வளவு வேகமாக இழுக்கிறாரோ அதுதான் காலப்பிரமாணம். வாத்தியத்தின் நுனி லேசாக மேலே எழும், எல்லோரும் அதைப் பார்த்துச் சேர்ந்து விழுவார்கள். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அந்த மூச்சுச் சத்தமே கேட்கும். கூட்டத்திடம் இதைக் கட்டாயம் சொல். பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் ஹார்ன். மர வாத்தியங்களோடு அது உட்கார்ந்தது மொசார்ட்டின் தனி யோசனை இல்லை. அந்தக் காலத்து வியன்னாவில் ஹார்மோனி என்று ஒரு ஊது குழு உண்டு. இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட், இரண்டு ஹார்ன், இரண்டு பஸூன். சாப்பாட்டு விருந்து, தோட்டம், தெரு என்று வாசிப்பார்கள். பேரரசர் இரண்டாம் ஜோசப் 1782-இல் தன் அரண்மனைக்கே அப்படி ஒரு குழுவை அமைத்தார். அது அந்த ஊர் பேண்டு செட். அந்த நான்கு ஜோடியிலிருந்தும் ஒவ்வொருவரை எடுத்து, பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் கே. 452 வந்துவிடுகிறது. நீ மேடையில் நின்று, தெருவில் ஊதுகிற எங்கள் மாதிரி ஆட்களிடமிருந்துதான் இந்த வாத்தியக் கூட்டணி வந்தது என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

சத்தமும் பொருந்தும். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், வாசிப்பவரின் வலது கை அதற்குள்ளே இருக்கும். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது. டிரம்பெட்டைப் போல நேராக வந்து அறையாது. பஸூனுக்கும் கிளாரினெட்டுக்கும் நடுவில் அது உட்கார்ந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும். மொசார்ட் இதை எழுதிய 1784-இல் ஹார்னுக்கு வால்வும் கிடையாது. வால்வு 1814-ஐ ஒட்டித்தான் வந்தது. சுருட்டிய குழாயில் இயற்கையாக எழும் சுரங்கள் மட்டும் உதட்டால் வரும், இடைச் சுரங்களைக் கையை உள்ளே நுழைத்து வளைத்து எடுப்பார்கள். மொசார்ட்டும் பீத்தோவனும் ஈ ஃபிளாட் ஸ்கேலிலேயே எழுதியதற்கு அந்த ஹார்னுக்கும் கிளாரினெட்டுக்கும் அது வசதி என்பது ஒரு முக்கியமான காரணம்.

வரலாறு சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டே விஷயம். மொசார்ட் இதை 1784 மார்ச் 30 தேதியிட்டுத் தன் படைப்புப் பட்டியலில் எழுதிவைத்தார். ஏப்ரல் 1 அன்று வியன்னாவின் புர்க் தியேட்டரில் அரங்கேற்றம். அதற்குப் பிறகு ஏப்ரல் 10 அன்று சால்ஸ்பர்க்கில் இருந்த அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தான் இதுவரை எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்று நினைப்பதாகச் சொன்னார். வயது 28. அதற்குள் எத்தனையோ எழுதி முடித்தவர் அவர். இதைக் கூட்டத்திடம் சொன்னால் கேட்பவர்களுக்கு ஒரு மரியாதை வரும்.

அடுத்தது பீத்தோவன். 1796-இல் அதே ஐந்து வாத்தியங்கள், அதே ஸ்கேல், அதேபோல நிதானமான முன்னுரையோடு மூன்று பகுதி. இவருடைய மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ் எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. கடைசிப் பகுதியில் பல்லவி திரும்ப வருவதற்கு முன்னால் ஒரு நிறுத்தம் இருக்கிறது. 1804-இல் ஒரு கச்சேரியில் அந்த இடம் வந்ததும் பீத்தோவன் தன் மனோதர்மத்துக்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். முடிக்கப்போகிறார் என்று நினைத்து மற்றவர்கள் வாத்தியத்தை வாயருகே கொண்டுபோவார்கள், அவர் முடிக்க மாட்டார், கீழே இறக்குவார்கள், மறுபடியும் தூக்குவார்கள். ஓபோ வாசித்த ராம் அந்நாளில் பெரிய வித்துவான், அவருக்குக் கடுமையான கோபம் வந்துவிட்டது. ஜனங்களுக்கோ ஒரே ஆனந்தம். கல்பனைச் சுரமும் தனி ஆவர்த்தனமும் கேட்டுப் பழகிய டவுன் பெரியவர்களுக்கு இந்த ஒரு கதை போதும், பீத்தோவன் அவர்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

ஒரே ஒரு யோசனை. முடிந்தால் கலைஞர்களிடம் கேட்டு மொசார்ட்டை முதலில் வைக்கச் சொல். மொசார்ட்டைக் கேட்ட காதோடு பீத்தோவனைக் கேட்டால், பியானோ எப்படி மெல்ல மெல்ல நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மொசார்ட்டின் கடைசிப் பகுதியில் ஐந்து பேரும் சேர்ந்து வாசிக்க ஒரு கேடன்ஸாவை, வழக்கமாக ஒருவர் தன் மனோதர்மத்துக்கு வாசிக்கும் இடத்தை, அவரே எழுதிவைத்திருக்கிறார். பீத்தோவனில் அந்தச் சுதந்திரம் பியானோக்காரருக்கு.

பதில்: சேரன்மகாதேவி நாயனம்

டீச்சர் சொன்னதைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். எங்கள் வீட்டில் தலைமுறையாக நாகஸ்வரம். காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஊதுகிற பாக்கியம் எங்களுக்கு. 1921-இல் பிறந்து 1964-இல் போய்விட்டார். அவர் வாசித்த தோடி இன்னும் இந்தப் பக்கத்துக் காதுகளில் இருக்கிறது.

தம்பி, டவுன் பெரியவர்களுக்கு ஓபோவை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஓபோவின் வாயில் இருப்பதும் இரண்டு நாக்கு உள்ள சீவாளிதான். பஸூனுக்கும் அப்படித்தான், அது கொஞ்சம் பெரிசு. உன் கிளாரினெட்டுக்கு ஒரே நாக்கு. அரங்கில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நாயனம் கேட்டுப் பழகினவர்களுக்கு ஓபோ முதல் சுரத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் ஓபோ என்றால் அந்த ஊர் நாகஸ்வரம் என்று மேடையில் சொல்லிவிடாதே. சொன்னால் கேட்கிறவர்கள் பெரிய சத்தத்தை எதிர்பார்த்து ஏமாந்துபோவார்கள். நம் வாத்தியத்தில் சாவி கிடையாது. விரல் வைக்க ஏழு துளை, அதை முக்கால் மூடி, கால் மூடி, உதட்டாலும் காற்றாலும் அழுத்தி இறக்கித்தான் கமகம் எடுக்கிறோம். ஓபோவில் அரைச் சுரத்துக்கெல்லாம் சாவி இருக்கிறது. சுரம் நின்ற இடத்தில் நேராக நிற்கும். அந்த நேர் நிற்பிலேயே சத்தத்தை நூலாக இழைத்துக் காட்டுவதுதான் அவர்கள் வித்தை. அதைக் குறையாக நினைக்கக் கூடாது. சென்னையில் ஒரு தடவை ஓபோ வாசிப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சீவாளி இடுக்கு அவ்வளவு சின்னது, உள்ளே போகிற காற்று கொஞ்சம்தான். எங்களுக்குக் காற்று தீர்ந்துபோகும். அவர்களுக்கு நெஞ்சில் பழைய காற்று மிஞ்சி நிற்கும். அதை வெளியே விட்டுவிட்டுத்தான் புதிசு இழுக்க வேண்டும். அதனால் ஓபோக்காரர் மூச்சு வாங்குகிற இடத்தைப் பார்த்தால் முதலில் வெளியே விடுவது தெரியும். டீச்சர் சொன்ன மூச்சுக் கணக்கோடு இதையும் சேர்த்துச் சொல்.

பெரியவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒத்து இருக்காது, சுருதிப் பெட்டி இருக்காது. ஆதார ஷட்ஜம் என்று ஒன்று நிலையாக நிற்காமல் பாட்டு போகப் போக நகரும். சுருதி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் கேட்க முடியாது. பஸூனின் அடிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்.

ஆடி மாதம் என்கிறாய். அம்மன் கோயில் கொடை விழாக்கள் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிதான் என்றாலும் அரங்குக்குப் பக்கத்தில் ஏதாவது அம்மன் கோயிலில் சனிக்கிழமை இருக்கிறதா என்று இப்போதே விசாரித்துவிடு. குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் லார்கெட்டோவும் கேட்காது, ஒன்றும் கேட்காது. முன்கூட்டியே போய்ப் பேசினால் கொடைக்காரர்கள் ஒரு இரண்டு மணி நேரம் நிறுத்திக் கொடுப்பார்கள், நல்ல மனுஷர்கள்.

பதில்: நாகர்கோவில் ட்யூனர்

பியானோ சுருதி கூட்டுவது என் தொழில். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சூடு ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடும். 20 டிகிரியில் நொடிக்கு சுமார் 343 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. அதனால் ஊதுகிற வாத்தியம் எல்லாம் வெயிலில் மேலே ஏறும். பியானோ சூட்டில் அப்படி ஏறாது. கம்பி சூட்டில் லேசாகத் தளரும், ஈரப்பதம் கூடினால் சவுண்ட்போர்டு, அதாவது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் ஒலிப்பலகை, உப்பிச் சுருதி ஏறும். ஆக, கலைஞர்கள் ஒரு கணக்கில், பியானோ இன்னொரு கணக்கில். பியானோவில் 220-க்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன. மேடையில் வைத்துத் திருகிச் சரிசெய்கிற வேலை இல்லை. மற்றவர்கள்தான் அதனிடம் வந்து சேர வேண்டும்.

கிளாரினெட்டுக்குப் பேரலை (வாய்ப்பகுதிக்குக் கீழே இருக்கும் குட்டைத் துண்டை) இழுக்கலாம், புல்லாங்குழலுக்குத் தலைப்பகுதி, ஹார்னுக்கு ஸ்லைடு. ஓபோவில் இழுக்க இடம் மிகக் குறைவு, எல்லாம் சீவாளியில்தான். கிளாரினெட்காரருக்கே தெரியும்: பேரலை அதிகமாக இழுத்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் இறங்காது. விரல் எடுத்து வாசிக்கிற குட்டைக் குழல் சுரங்கள் அதிகம் இறங்கும், எல்லாத் துளையையும் மூடி வாசிக்கிறவை குறைவாக இறங்கும். ஸ்கேல் கோணலாகிவிடும்.

அதனால் இப்போதே கலைஞர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: எல்லோரும் சுருதி சேர்க்கிற ஏ சுரம் நொடிக்கு 440 அதிர்வா, 442-ஆ? அரங்கில் ஏசி இல்லை, சாயங்காலமும் சூடு இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் 442 கேட்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பியானோவை இரண்டு மூன்று நாள் முன்னாலேயே அரங்கில் இறக்கி அந்தக் காற்றுக்குப் பழக விடுங்கள். ஜன்னலோரம் வேண்டாம். கச்சேரி அன்று காலையில் ஒரு தடவை, ஒத்திகை முடிந்து கூட்டம் வருமுன் ஒரு தடவை என்று சுருதி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் நாற்காலி இழுக்கக் கூடாது.

மேடைக்கு நேர் மேலே இருக்கும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். இறக்கை சுற்றுவதில் சத்தம் நடுங்கும். பக்கவாட்டு ஃபேன்கள் மெதுவாக ஓடட்டும். மேற்கு ஜன்னல்களை மூடி, கிழக்கு ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், நோட்டுத் தாள் என்ன ஆகும்? துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன் வாங்கி ஒவ்வொரு ஸ்டாண்டிலும் மாட்டிவையுங்கள். ஜெனரேட்டரை ஹார்ன்காரர் முதுகுப் பக்கச் சுவருக்கு வெளியே நிறுத்தாதீர்கள். அந்தச் சுவரில் திரையும் தொங்க வேண்டாம், டீச்சர் சொன்ன மாதிரி ஹார்னுக்கு அந்தச் சுவர்தான் வாய்.

ஓபோவும் நல்ல கிளாரினெட்டும் கருங்காலி மாதிரியான கடினமான மரம். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்து உடனே சூடான மூச்சை உள்ளே விட்டால் வெடிப்பு விழலாம். ஓய்வறையில் பெட்டிக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கட்டும். காரில் வெயிலில் விட்டுவைக்கவே கூடாது.

டோனாவூர் பக்கத்துக் கிளாரினெட்

டீச்சர், இரண்டு அண்ணாச்சிமார், மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. டீச்சர் சொன்னபடி பஸூனை மட்டும் பிடித்துக்கொண்டு நேற்று பஸ்ஸில் கேட்டேன். நான் கிளாரினெட்டுக்குச் சொந்தம் என்று நினைத்திருந்த ஒரு இடத்தில் பாதி பஸூனுடையது. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒரே வாத்தியமாக எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த இடம் வரும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

ட்யூனர் அண்ணாச்சி சொன்னதை மத்தியான வெயிலில் மாடி அறையில் ஊதிப் பார்த்தேன். ஃபோன் ட்யூனரில் ஏ சுரம் 440-ஐத் தாண்டித்தான் நிற்கிறது. கலைஞர்களுக்கு எழுதிவிட்டோம், 442 என்று பதில் வந்தது. மொசார்ட்டை முதலில் வைக்கவும் சம்மதித்துவிட்டார்கள். சனிக்கிழமை பக்கத்தில் கொடை எதுவும் இல்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. குழுவில் ஒரு பெரியவர், பகுதிகளுக்கு நடுவில் யாரும் கைதட்டக் கூடாது என்று மைக்கில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் பூலாங்க் பற்றி என்ன சொல்வது? முதல் தடவை கேட்டபோது அந்த ஆரம்பத்தில் அதிர்ந்துபோனேன்.

பாளையங்கோட்டை பியானோ டீச்சர்

கண்டித்துச் சொல்லாதே தம்பி. முதல் தடவை வருகிற ஒரு அம்மா, தப்பான இடத்தில் தட்டிவிடுவோமோ என்ற பயத்திலேயே உட்கார்ந்திருப்பார். பயந்த காது எதையும் கேட்காது. மொசார்ட் 1778-இல் பாரிஸிலிருந்து எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிடித்த இடம் வந்ததும் ஜனங்கள் தட்டினார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறார். நடுவில் மௌனமாக இருக்கும் வழக்கம் பின்னால் வந்தது. மூன்று பகுதி, நடுவில் சின்ன இடைவெளி வரும், கலைஞர்கள் எழுந்து நின்றால் முடிந்தது என்று அர்த்தம். இவ்வளவு சொல். தட்டினால் தட்டட்டும்.

பூலாங்க் பியானோக்காரர், பாரிஸ்காரர். செக்ஸ்டெட்டை 1932-இல் முடித்து, திருப்தியில்லாமல் 1939-இல் திருத்தி எழுதினார். ஆறு பேரும் ஒரே அடியில் பாய்ந்து தொடங்குவார்கள், நீ அதிர்ந்தது அதில்தான். அது ஓடித் தணிந்த இடத்தில் பஸூன் தனியாக, துணையே இல்லாமல் பேசும். அதிலிருந்து மெதுவான நடுப்பகுதி பிறக்கும். எனக்கு அந்த இடம்தான் இந்தக் கச்சேரியிலேயே பெரிய இடம். பஸூன் என்றால் அடியில் நின்று தாங்குகிற வாத்தியம் என்று முதல் பாதி முழுக்கப் பழகின காதுக்கு, அது தனியாகப் பேசுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். இரண்டாவது பகுதி ஓபோவின் மெட்டோடு தொடங்கும். சேரன்மகாதேவி அண்ணாச்சி அதை நேரில் கேட்க வேண்டும், கட்டாயம் வாருங்கள். கடைசிப் பகுதி விறுவிறுப்பாக ஓடிவந்து, முடிவில் சட்டென்று நிதானமாகிவிடும். அதுவரை வேகத்தைப் பார்த்தவர்கள் குழம்பக் கூடாது. இடைவேளை முடிந்து வந்ததும் இதற்கு ஒரு நிமிடம் தனியாக எடுத்துக்கொள்.

இன்னொரு யோசனையும் உண்டு. நீ பேசும்போது கலைஞர்கள் மேடையில் இருந்தால், ஒவ்வொருவரையும் தன் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் ஊதிக் காட்டச் சொல். எந்தப் பேச்சையும்விட அது அதிகம் சொல்லும்.

டோனாவூர் பக்கத்துக் கிளாரினெட்

ஊதிக் காட்டச் சம்மதித்துவிட்டார்கள் டீச்சர். கைதட்டல் விஷயத்தைக் கடிதத்தோடு எடுத்துச் சொன்னதும் பெரியவரும் ஒத்துக்கொண்டார். பேச்சை எழுதிவிட்டேன்: முதலில் பாமாலையின் நான்கு குரல், அடுத்து வியன்னாத் தெருவின் ஊது குழு, அப்புறம் ஒவ்வொருவராக ஊதிக் காட்டுவது, மூச்சு, கடைசியாக ராமுக்கு வந்த கோபம். வீட்டில் வாசித்துப் பார்த்ததில் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகிறது. மொசார்ட் அப்பாவுக்கு எழுதிய வரியை மட்டும் வெட்ட மாட்டேன்.

பியானோக்காரர் தாள் புரட்ட ஒரு ஆள் வேண்டும் என்று கேட்கிறார். எங்கள் பேண்டில் பியானோ நோட்டைத் தொடர்ந்து படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பாளையங்கோட்டை பியானோ டீச்சர்

என் மாணவி ஒருத்தி இருக்கிறாள், நோட்டை நன்றாகத் தொடர்வாள், பதற்றப்பட மாட்டாள். பூலாங்கில் பக்கங்கள் வேகமாக ஓடும் என்பதால் இப்போதிருந்தே அந்த நோட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். புரட்டுகிறவர் பியானோக்காரரின் இடது பக்கம் உட்கார வேண்டும், அங்கே கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று போட்டுவை. பியானோ நோட்டுத் தாளில் மட்டும் கிளிப் மாட்டாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.